பெருமூச்சு விடும் கார்

என் மகள் ரீபாவோட காரு தண்டவாளத்து மேல செத்து நின்ன அன்னிக்குத்தான், அது விடுற பெருமூச்சு மேல எனக்குச் சந்தேகம் வந்தது.

செய்துங்கநல்லூர் பக்கம் ஒரு ரயில்வே கேட்டு. விடிஞ்சும் விடியாத நேரம். கேட்டு திறந்துதான் கிடந்திருக்கு. தண்டவாளம் தூக்கிப் போடுமேன்னு இவ ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்திருக்கா. 'புஸ்ஸ்'னு ஒரு மூச்சு. எஞ்சின் நின்னு போச்சு. சாவியைத் திருகினா இருமுதே தவிர பிடிக்கல. கேட் கீப்பர் கொடியை ஆட்டிக்கிட்டு கத்த, பின்னால பைக்குல வந்தவங்க இறங்கித் தள்ளி விட்டிருக்காவ. அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து ரெண்டு மூணு தடவை சாவியைத் திருகினதும், ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி ஸ்டார்ட் ஆயிருக்கு.

வீட்டுல வந்து இதைச் சொன்னா. மருமகன் மார்ட்டின் தூத்துக்குடி துறைமுகத்துல வேலை. கோபக்காரன் கிடையாது. அவனே சோத்துத் தட்டை நகட்டி வச்சுட்டுச் சொன்னான்:

"கிறிஸ்மஸ் முடியட்டும். வண்டிய வித்துருவோம். தண்டவாளத்துல நிக்குற வண்டிய வீட்டுல வச்சுக்கிட்டு என்னால வேலைக்குப் போக முடியாது."

ரீபா எந்திரிச்சுத் தட்டுகளை அடுக்கினா. எனக்குத் தெரியும் அவ மனசு. பக்கவாதம் வந்து கை கால் விழுந்தவங்க வீடு தேடிப் போயி உடற்பயிற்சி குடுக்குறதுதான் அவ தொழில். சீவலப்பேரி, செய்துங்கநல்லூர், சேரன்மகாதேவின்னு ஆத்தோரம் பூரா சுத்துவா. டிக்கியில கரண்டு வைக்குற மிசினு, நடைவண்டி, ரப்பர் பந்து எல்லாம் கிடக்கும். அதைத் தூக்கிக்கிட்டு டவுன் பஸ்ல போக முடியுமா? காரு போச்சுன்னா தொழிலு போச்சு. திரும்ப ஆஸ்பத்திரியில ஒரு மூலையில உக்காந்து எவன்கிட்டயாவது திட்டு வாங்கணும். அந்தக் காரு அவ சொந்தச் சம்பாத்தியத்துல வாங்கினது வேற.

நான் ஞானசிகாமணி. உவரிக்காரன். கடற்கரை ஏலத்துல மீன் எடுத்து பாளையங்கோட்டையில வித்தவன்; இப்பம் அங்கனயே மகள், மருமகனோட இருக்கேன். படிப்பு மூணாங்கிளாஸ். ஆனா செவுளைத் தூக்கிப் பாக்காம ஒரு மீனும் எடுத்தது கிடையாது. ஐஸுல போட்டா கெட்ட மீனும் கண்ணைத் திறந்துக்கிட்டு நல்ல மீன் மாதிரிதான் கிடக்கும். மனுஷனும் அப்படித்தான்.

"மார்ட்டின், விக்கிறதுன்னா வித்துக்கோ" என்றேன். "ஆனா எதனால நின்னுச்சுன்னு எனக்குத் தெரியணும். தெரியாம வித்தா, வாங்கினவன் தண்டவாளத்துல நிப்பான். அதுக்கு முன்னால செவுளைத் தூக்கிப் பாத்துருவோம்."

"பாருங்க மாமா. ஆனா கிறிஸ்மஸ் வரைக்கும்தான்" என்றான்.

அந்தக் காரு ஒரு காலேஜ்காரப் பயல்கிட்ட இருந்து வந்தது. டர்போ வண்டியாம். அந்தப் பயல் அதுல சொந்தமா ஒரு வால்வு வாங்கி மாட்டியிருந்தான். முன்னால வலை மாதிரி இருக்குல்லா, அதுக்குப் பின்னால வெள்ளி நிறத்துல ஒரு சின்ன வாய் தெரியும், நாதஸ்வரம் மாதிரி விரிஞ்சு. காலை எடுத்தா அது வழியாத்தான் 'புஸ்ஸ்'. பாம்பு சீறினா மாதிரி இருக்கும். முதல் தடவை கேட்டப்ப நான் டயர் போச்சுன்னு நினைச்சேன். சீவலப்பேரியில பிள்ளைகள் என் மகளுக்குப் பேரே வச்சிட்டுது: 'புஸ்ஸக்கா.' அங்கன கருத்தையான்னு ஒருத்தர், வலது கை விழுந்தவரு, இந்தச் சத்தம் தெருமுனையில கேட்டதும் கட்டில்ல எழுந்து உக்காந்து தானே கையைத் தூக்க ஆரம்பிச்சுடுவாராம். இவ வந்து பிடிச்சு இழுத்தா வலிக்கும்னு பயம்.

என் பெண்டாட்டி விக்டோரியாவுக்கு மட்டும் அந்தச் சத்தம் ஆகாது. "இளைப்பு நோய் வந்த பிள்ளை மாதிரில்லா மூச்சு விடுது" என்பா. அவ செவ்வாக்கிழமை தவறாம பஸ் பிடிச்சு உவரி அந்தோனியார் கோயிலுக்குப் போறவ. விளக்கு எண்ணெயை ஒரு சின்னக் குப்பியில கொண்டு வந்து சாயங்காலம் எல்லாருக்கும் நெத்தியில சிலுவை போட்டு விடுவா. எனக்கு முழங்கால்லயும் சேர்த்து. காரையும் விட மாட்டா. அதுக்கும் ஒரு சிலுவை உண்டும்.

மெக்கானிக்கு மேலப்பாளையத்து ஹாஜா. தம்மாம்ல இந்த மாதிரி வண்டிகள்லேயே கிடந்தவன்னு சொன்னாவ. வெளிநாட்டுல இருந்தேன்னு சொல்லுதவன் எவனையும் நான் லேசுல நம்புறது இல்ல. அங்கன போயி பாக்கவா முடியும்? அதனால ரீபா வண்டியை விடப் போன அன்னிக்கு நானும் கூடப் போயி, ஷெட்டு வாசல்ல ஒரு டயர் மேல உக்காந்துக்கிட்டேன்.

"அண்ணாச்சி, வெயில்ல உக்காராதீங்க. உள்ள வாங்க" என்றான்.

"இங்கன இருந்தாத்தான் ஒம்ம கை தெரியுது."

அவன் சிரிச்சான். "ரீபாக்கா, ஒங்க அப்பா போலீசுல இருந்தாவளோ?"

"மீன் கடையில" என்றாள் ரீபா. "அது போலீசை விட மோசம்."

ஹாஜா பானட்டைத் திறந்தான். கீல் ரெண்டும் கிறீச்சுன்னு ஊளையிட்டுது. வால்வைத் தொட்டுக் காட்டினான். சின்னச் செம்பு அளவு இருக்கும். அடியில பெரிய குழாயில உக்காந்திருக்கு. தலையில ஒரு மெல்லிய ரப்பர் ஓஸ். உச்சியில ஒரு திருகு.

"இது என்ன செய்யுது, எனக்குப் புரியுற மாதிரி சொல்லும்" என்றேன். "புரியலேன்னா இதுல ஏதோ ஏமாத்து இருக்குன்னு அர்த்தம்."

அவன் கோபப்படல. துணியில கையைத் துடைச்சுக்கிட்டுச் சொன்னான். "அண்ணாச்சி, ஒங்க கோயில்ல திருவிழா. கூட்டம் வாசலைப் பாத்து முட்டிக்கிட்டு வருது. திடீர்னு கதவைச் சாத்திட்டா என்ன ஆவும்?"

"மிதி பட்டுச் சாவான்."

"அதுதான். டர்போன்னா ஒரு காத்தாடி. புகை போற வேகத்துல சுத்தி, வெளிக் காத்தை அள்ளி எஞ்சினுக்குள்ள நெருக்கித் தள்ளும். நீங்க காலை எடுத்ததும் எஞ்சின் கதவைச் சாத்திடும். வந்த காத்து எங்கன போவும்? திரும்பிக் காத்தாடியையே அடிக்கும். அதுக்குத்தான் இது. பக்கத்து வாசல். இதைத் திறந்து காத்தை வெளிய விட்டுட்டு, உடனே சாத்திக்கிடணும்."

"கதவு சாத்திட்டாவன்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

ஹாஜா என்னை ஒரு மாதிரிப் பாத்தான். அந்தக் கேள்வி அவனுக்குப் பிடிச்சிருந்ததுன்னு நினைக்கேன். மெல்லிய ஓஸைத் தொட்டான். "இவன்தான் ஆள். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து தூது சொல்லுதவன். காலை எடுத்ததும் அங்கன உறிஞ்சும். அந்த உறிஞ்சல் இது வழியா வந்து உள்ள இருக்குற பிஸ்டனைத் தூக்கும். மேல ஒரு ஸ்பிரிங், பிஸ்டனைக் கீழ அமுக்கிக்கிட்டு இருக்கும். ரெண்டுக்கும் சண்டை. உச்சியில இருக்குற திருகு, ஸ்பிரிங்குக்கு எவ்வளவு பலம்னு வைக்கிறது."

எனக்கு அது பிடிச்சுப் போச்சு. ஒரு வாசல், ஒரு காவக்காரன், ஒரு தூதன். இதுல எவனோ ஒருத்தன் பொய் சொல்லுதான். எவன்?

ஹாஜா ஓஸைக் கழட்டி வளைச்சுப் பாத்தான். ஒரு முனையில மயிரளவு வெடிப்பு. "தூதன் வாய்ல ஓட்டை" என்றான். புது ஓஸ் மாட்டினான். வண்டியை ஓட்டிப் பாத்தான். நாலஞ்சு தடவை புஸ்ஸுன்னு விட்டுது. நிக்கல.

"சரியாப் போச்சு, அண்ணாச்சி."

"நல்ல உச்சி வெயில்ல எந்தக் கள்ளனும் நல்லவன்தான்" என்றேன்.

சொன்ன மாதிரியே ஆச்சு. அடுத்த புதன்கிழமை விடியக்காலம் சீவலப்பேரி போற வழியில, ஒரு வேகத்தடைக்குக் காலை எடுத்தப்ப திரும்ப நின்னு போச்சு. வெயிலேறி வண்டியை ஹாஜாகிட்ட கொண்டு போனா, பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கிட்டு நிக்குது.

இந்தத் தடவை அவன் உச்சித் திருகைப் பிடிச்சான். "ஸ்பிரிங்கு லேசா இருக்குமோ? சும்மா நிக்கும்போதே வாசல் திறந்துக்கிடுதோ?" பூட்டு நட்டை இளக்கி, திருகை அரைச்சுத்து அரைச்சுத்தா இறுக்கினான். டீக்கடையில வடை மடிச்சுத் தந்த தாளுல மெல்லிசா ஒரு கீத்து கிழிச்சு வால்வு வாய்க்கு நேரா பிடிச்சான். "இங்கன பாருங்க. வண்டி சும்மா நிக்கும்போது இந்தத் தாள் ஆடாம இருக்கணும். உள்ள இழுத்தா வாசல் திறந்திருக்குன்னு அர்த்தம்."

தாள் ஆடல.

"திறந்திருந்தா என்ன? காத்துதானே?"

"எஞ்சினுக்குள்ள ஒரு கணக்குப்பிள்ளை இருக்கான், அண்ணாச்சி. முன்வாசல்ல எவ்வளவு காத்து வருதுன்னு அளந்துதான் பெட்ரோல் விடுவான். பக்கத்து வாசல் வழியா திருட்டுக் காத்து உள்ள போனா அவன் கணக்கு தப்பும். வண்டி நின்னுரும்."

திருகை இறுக்கின பிறகு வண்டியில நானும் ஏறினேன். மேலப்பாளையம் தாண்டி நல்ல ரோட்டுல ஹாஜா வேகம் எடுத்துக் காலை விட்டான். புஸ்ஸு வரல. அதுக்குப் பதிலா 'குடுகுடுகுடு'ன்னு ஒரு சத்தம். கோயில் மாடத்துல புறா கத்துற மாதிரி.

"இது என்னவே, உள்ள புறா வளக்கீரா?"

அவன் முகம் சுருங்கிப் போச்சு. "ரொம்ப இறுக்கிட்டேன். வாசல் திறக்க மாட்டேங்கு. காத்து திரும்பிக் காத்தாடியை அடிக்குது. இப்படியே ஓட்டினா டர்போ போயிடும்." ஓரமா நிறுத்தி, திரும்ப பைய பைய இளக்கினான். ஒரு இடத்துல புறா போச்சு, பாம்பு வந்தது. "இதுதான் சரியான இடம். முன்னால இருந்த இடமேதான்."

"அப்பம் ஸ்பிரிங்கு மேல குத்தம் இல்ல."

"இல்ல."

"ஓஸு மேலயும் இல்ல."

"இல்ல, அண்ணாச்சி."

"அப்பம் ஒம்ம மேலதான்."

ஹாஜா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சான். ஆனா அந்தச் சிரிப்புல சத்து இல்ல. "வல்லாஹி, சத்தியமா எனக்கும் விளங்கல. நீங்க சொல்லுத குத்தத்தை என் கண்ணால பாத்தாத்தானே? இங்க வரும்போது அது நல்ல வண்டியா வருது."

வீட்டுக்கு வந்து நான் யோசிச்சேன். நிக்கிறது எல்லாம் விடியக்காலம். அதுலயும் புதன், வியாழன் ஆனா ஜாஸ்தி. மழை விட்ட மார்கழி, வாடைக் காத்து வேற அடிக்குது. ராத்திரி பூரா காரு நிக்கிறது நம்ம வாசல்ல. அப்பம் ராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவுல யாரோ கை வைக்குதான். யாருக்கு வண்டி போனா லாபம்? மார்ட்டினுக்கு.

மருமகனைச் சந்தேகப்படுறது தப்புன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பட்டேன். ஒரு நாள் விடியக்காலம் குசினி ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு நின்னேன். சொன்னா சொன்ன மாதிரி மார்ட்டின் பைய காரு கிட்ட போனான். கதவைத் திறந்தான். குனிஞ்சான். நான் துவாலையை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் பாய்ஞ்சேன்.

"ஏலே, என்ன செய்யுத?"

அவன் கையில டிபன் டப்பா. நேத்தைக்குக் காருல மறந்து வச்சது. "கழுவணும், மாமா" என்றான். என்னை மேலயும் கீழயும் பாத்தான். "நீங்க என்ன, திருடன் பிடிக்கவா வந்திய?"

"சும்மா. காத்து வாங்க."

"வாடையில காத்து வாங்கினா ஒங்களுக்கும் அந்த வண்டி மாதிரிதான் இழுக்கும்" என்று சொல்லிட்டுப் போயிட்டான். குசினியில விக்டோரியா தேங்கா எண்ணெய்ப் பாட்டிலை வெந்நீர்ச் செம்புக்குள்ள நிறுத்திக்கிட்டு இருந்தா. குளிருக்கு எண்ணெய் வெள்ளையா உறைஞ்சு கிடந்தது. "மருமகன்கிட்ட அசிங்கப்பட்டாச்சா?" என்றாள்.

கிறிஸ்மஸ் நெருங்கிட்டு. வாசல்ல ஸ்டார் தொங்க விட்டாச்சு. மார்ட்டினோட கூட்டாளி ஒருத்தன் வண்டியைப் பாக்க வாரேன்னு சொல்லியிருந்தான். ரீபா ஒரு நாள் என் பக்கத்துல வந்து உக்காந்தா.

"அப்பா, விட்டுருவோம். நானே ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன். சேந்துக்கிடலாம்னு சொல்லுதாவ."

"கருத்தையாவுக்கு யாரு கையைத் தூக்குவா?"

அவ மூக்கை உறிஞ்சினா.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணிச்சு. கெட்டுப் போன மீனை வெயில்ல காட்டிப் பயன் இல்ல, அது கெட்ட இடத்துல வச்சுப் பாக்கணும். வண்டி விடியக்காலம்தான் நிக்குதுன்னா, ஹாஜா அதை விடியக்காலம்தான் பாக்கணும். ஓட்டிக்கிட்டுப் போனா வழியிலேயே சூடாயிடும். முந்தின நாளே அங்கன கொண்டு நிறுத்தணும்.

செவ்வாக்கிழமை சாயங்காலம் கிளம்பினோம். விக்டோரியா அப்பத்தான் உவரியில இருந்து வந்து இறங்கினா. "இருங்க, இருங்க, வெறுமனே போகாதீங்க" என்று குப்பியைத் திறந்து எனக்கு நெத்தியில போட்டா, ரீபாவுக்குப் போட்டா, காரு முன்னால போயி குனிஞ்சா. நான் சாவியைத் தேடிக்கிட்டு இருந்தேன். ஷெட்டுல வண்டியை நிறுத்திப் பூட்டி, சாவியை நானே மடியில முடிஞ்சுக்கிட்டேன்.

"சாவிய தாங்க, அண்ணாச்சி. காலையில நான் பாத்துக்கிடுதேன்."

"நான் வந்த பிறகு பாரும்."

"என்னை நம்ப மாட்டியளா?"

"ஒம்மையும் நம்பல, வண்டியையும் நம்பல. ரெண்டையும் ஒண்ணா விட்டுட்டுப் போக முடியாது."

காலையில முதல் பஸ் பிடிச்சுப் போனேன். மேலப்பாளையம் அப்பத்தான் கண் முழிக்குது. தொழுகை முடிஞ்சு வந்த ஹாஜா தொப்பியோட நின்னான். குளிருக்கு ரெண்டு பேரும் டீ கிளாஸைக் கைக்குள்ள பொத்திக்கிட்டோம். நான் சாவியை எடுத்துக் குடுத்தேன்.

வண்டி ஸ்டார்ட் ஆச்சு. ஹாஜா தாள் கீத்தைப் பிடிச்சான். ஆடல. என்னையும் ஏத்திக்கிட்டு ஷெட்டுக்கு வெளிய எடுத்து, காலியாக் கிடந்த தெருவுல சின்னதா ஒரு ஓட்டம். முனையில காலை எடுத்தான். புஸ்ஸ். அதோட நிக்கல. புஸ்ஸுக்குப் பின்னாலயே மெல்லிசா 'ஸ்ஸ்ஸ்'னு ஒரு இழுப்பு, பல்லிடுக்குல காத்தை உறிஞ்சுற மாதிரி. எஞ்சின் தள்ளாடிச்சு.

"நிறுத்தாதீரும்! காலைக் குடுத்துப் பிடியும்!" என்றேன். அவன் எஞ்சினைச் சாக விடாம பிடிச்சுக்கிட்டான். நான் இறங்கி ஓடிப் போயி தாளை வால்வு வாய்க்கு நேரா பிடிச்சேன்.

தாள் என் விரல்ல இருந்து உருவிக்கிட்டு உள்ள போயி ஒட்டிக்கிட்டுது.

"திருட்டுக் காத்து!" என்று கத்தினேன். பீடி சுத்த உக்காந்திருந்த ஒரு அம்மா தலையை நீட்டி, "யாரு வீட்டுலய்யா திருட்டு?" என்றாள்.

ஹாஜா எஞ்சினை அணைச்சுட்டு அங்கனயே பானட்டைத் திறந்து வால்வைக் கழட்டினான். குளிர்ந்துதான் இருந்தது. முன்வலைக்குப் பின்னால காத்து நேரா அடிக்கிற இடம்லா. மூடியைத் திருகி ஸ்பிரிங்கை எடுத்தான். பிஸ்டன் வரல. பாதி வழியில மாட்டிக்கிட்டு நின்னுது. ஸ்க்ரூடிரைவர் பிடியால ஒரு தட்டு தட்டினதும் வந்தது, சுத்தி வர வெள்ளையா என்னமோ அப்பிக்கிட்டு. பன்னிக்கொழுப்பு மாதிரின்னு சொல்ல வாயெடுத்தேன், ஹாஜா முகத்தைப் பாத்து விழுங்கிக்கிட்டேன்.

"கிரீஸ் போட்டிருக்கீரே!" என்றேன். "நீருதான் போட்டிருக்கீரு!"

"இதுவரைக்கும் நான் இந்த மூடியைத் திறக்கவே இல்ல, அண்ணாச்சி. கிரீஸு இப்படி இருக்காது." விரல்ல கொஞ்சம் எடுத்துக் கட்டைவிரலால தேய்ச்சான். தேய்க்கத் தேய்க்க வெள்ளை போயி தண்ணியா உருகிட்டு. அவன் புருவம் ஏறிச்சு. மூக்குக்கிட்ட கொண்டு போனான்.

"தேங்கா எண்ணெய்!" என்றான். "கூட இன்னொரு வாசம். மெழுகுதிரி மாதிரி. இது எங்கனயோ இப்பம்தான் மோந்தேன்."

விரலை மோந்துக்கிட்டே என் பக்கம் திரும்பினான். கிட்ட வந்தான். என் நெத்திக்கு நேரா மூக்கைக் கொண்டு வந்து இன்னொரு தடவை மோந்தான்.

"அண்ணாச்சி" என்றான், "இது ஒங்க நெத்தியில இருந்துல்லா வருது!"

ஷெட்டு வாசலுக்கு வந்து பழைய டயர் மேலயே உக்காந்தேன். குளிருல உறையும், சூட்டுல உருகும். செவ்வாக்கிழமை ஊத்தினா புதன்கிழமை நிக்கும். ஓஸையும் ஸ்பிரிங்கையும் சந்தேகப்பட்டேன், ஹாஜாவைச் சந்தேகப்பட்டேன், டிபன் டப்பாவைத் தூக்கிட்டு நின்ன மருமகனைச் சந்தேகப்பட்டேன். குப்பியைக் கையில வச்சுக்கிட்டு என் கண்ணு முன்னால குனிஞ்சவளை நான் பாக்கவே இல்ல.

போன் போட்டு எல்லாரையும் ஷெட்டுக்கு வரச் சொன்னேன். மார்ட்டின் லீவு போட்டுட்டு ஆட்டோவுல கூட்டிக்கிட்டு வந்தான். விக்டோரியா முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு இறங்கினா.

"ஏட்டி, இந்த வாய்க்குள்ள எண்ணெய் விட்டியா?"

"விட்டேன். அதுக்கென்ன?"

"எதுக்கு விட்டே?"

"அதுக்கு இளைப்புல்லா? பிள்ளைகளுக்கு மூச்சு இழுத்தா நெஞ்சுல தடவுவோம். இதுக்கு நெஞ்சு எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியுமா? வாய் தெரிஞ்சுது, விட்டேன்."

"எம்புட்டு?"

"வாங்கின புதுசுல ஒரு சொட்டு. மழை ஆரம்பிச்சு இழுப்பு ஜாஸ்தியானதும் ரெண்டு மூணு. தண்டவாளத்துல நின்ன பிறகு ஒரு மூடி" என்றாள். "நல்லா ஆவணும்னு."

ரீபா வாயைப் பொத்திக்கிட்டா. தோள் குலுங்குது. அழுதாளா சிரிச்சாளான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல. மார்ட்டின் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான்.

"ஏட்டி, ஊரெல்லாம் குத்தவாளியைத் தேடுதேன், நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"என்ட்ட யாரு கேட்டா?" என்றாள் விக்டோரியா.

நான் துவாலையை எடுத்து முகத்தைத் துடைச்சுக்கிட்டேன்.

ஹாஜாதான் நடுவுல வந்தான். வால்வை உள்ளயும் வெளியயும் கிளீனர் அடிச்சுத் துடைச்சான். பிஸ்டன் கண்ணாடி மாதிரி ஆச்சு. ரப்பர் வளையத்தைச் சுத்திப் பாத்து, அதுக்குன்னு உள்ள மெல்லிய கிரீஸைத் தொட்டும் தொடாம தடவினான். "எண்ணெய் எம்புட்டு வேணும்னு பாருங்கம்மா. ஈ கால் வச்ச அளவு. அதுவும் இதுதான், வேற ஆகாது."

விக்டோரியா முகம் வாடிப் போச்சு. "அப்பம் இனி வண்டிக்கு அந்தோனியார் எண்ணெய் கூடாதா? அவ விடியக்காலத்துல தன்னந்தனியா போறா."

நான் சத்தம் போட வாயைத் திறந்தேன். ஹாஜா கையைக் காட்டி நிறுத்திட்டான். பானட்டைப் பிடிச்சு ஒரு தடவை இறக்கி ஏத்தினான். கிறீச்சுன்னு ஊளையிட்டுது.

"யாரும்மா கூடாதுன்னா? இங்கன வாங்க. இதான் கீல். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. காஞ்சு போயி கிடக்கு, பாருங்க, எப்படி அழுதுன்னு. ரெண்டு கீலுக்கும் ஒவ்வொரு சொட்டு. வாய்ல மட்டும் வேண்டாம்."

அவ கீலைத் தொட்டுப் பாத்தா. "இது வண்டிக்கு என்ன உறுப்பு?"

ஹாஜா கொஞ்சம் யோசிச்சான். "தோள்னு வச்சுக்கிடுங்க."

"தோள்னா சரி" என்றாள்.

மறுநாள் விடியக்காலம் நாங்க மூணு பேரும் அந்த ரயில்வே கேட்டுக்குப் போனோம். ரீபா ஓட்டினா, பக்கத்துல மார்ட்டின், பின்னால நான். வாடை ஜன்னல் வழியா காதைக் கடிச்சுது. கேட்டு திறந்திருந்தது. அதே கேட் கீப்பர், இவளை அடையாளம் கண்டுக்கிட்டு, கொடியைக் கையில எடுத்துட்டுத் தயாரா எழுந்து நின்னான். மேடு வந்தது. மார்ட்டின் கதவுப் பிடியைப் பிடிச்சுக்கிட்டான். இவ காலை எடுத்தா.

புஸ்ஸ்.

அவ்வளவுதான். வால் இல்லாத மூச்சு. வண்டி தண்டவாளத்து மேல ஏறி இறங்கி, உறுமல் மாறாம அந்தப் பக்கம் போச்சு. கேட் கீப்பர் கொடியைச் சுருட்டிட்டு உள்ள போயிட்டான்.

கொஞ்ச தூரம் போன பிறகு மார்ட்டின் கதவுப் பிடியை விட்டான். "கூட்டாளிகிட்ட வேண்டாம்னு சொல்லிருதேன்" என்றான். "மாமா, நீங்க அன்னிக்கு காத்து வாங்க வந்தது என்னையப் பிடிக்கத்தானே?"

"ஆமா."

"சொல்லிட்டாவது வாங்கக் கூடாதா?"

ரீபா கண்ணாடியில என்னைப் பாத்துச் சிரிச்சுட்டு, சீவலப்பேரி ரோட்டுக்கு வண்டியைத் திருப்பினா. கருத்தையா வீட்டுத் தெருமுனையில வேணும்னே ஒரு தடவை காலை எடுத்தா. காரை நம்ப முடியாம இவ கொஞ்ச நாளா போகாததுனால கை தூக்காமக் கிடந்தவரு, நாங்க உள்ள போகும்போது கட்டில்ல எழுந்து உக்காந்து, முகத்தைக் கடுகடுன்னு வச்சுக்கிட்டு, கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாரு. "நேத்தைக்கும் தூக்கினேன்" என்றாரு. பொய். எனக்குத் தெரியும்.

செவ்வாக்கிழமை வந்தது. விக்டோரியா குப்பியோட காரு முன்னால போனா. நானே பானட்டைத் திறந்து பிடிச்சேன். ஒரு தோளுக்கு ஒரு சொட்டு, அடுத்த தோளுக்கு ஒரு சொட்டு. சிலுவை போட்டுட்டு, என்னை ஒரு பார்வை பாத்துட்டு உள்ள போனா. பானட்டை இறக்கினேன். சத்தமே இல்ல. அந்தக் கீல் அப்படி ஓசைப்படாம மூடி நான் பாத்ததே கிடையாது.

அவ குசினிக்குள்ள போயிட்டான்னு தெரிஞ்சதும், வலைக்குள்ள விரலை விட்டு வால்வு வாயைத் தடவி மோந்து பாத்தேன். காஞ்சுதான் இருந்தது.

அடுத்த செவ்வாயும் பாப்பேன்.